ஒரு டப்பா அரிசியும் பத்து நாற்காலிகளும்

(உலக வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு ஒரு பாடம்)



பேருந்து நிலையத்தில் ஒரு முதியவர் கைநீட்டி நிற்கிறார். நம்முடன் வந்த பிள்ளை அவரை உற்று நோக்கிவிட்டு, "இவர் ஏன் ஏழையாக இருக்கிறார்?" என்று வினவுகிறது. நாமோ ஒரு நாணயத்தை அதன் கையில் வைத்து, "போய்க் கொடுத்துவிட்டு வா" என்கிறோம். பிள்ளையும் ஓடிச்சென்று கொடுத்துவிட்டு மகிழ்வோடு திரும்புகிறது. நாணயம் உரியவரிடம் சேர்ந்துவிட்டது. வினா மட்டும் விடையின்றி நின்றுவிட்டது.

பிள்ளை மீண்டும் வற்புறுத்திக் கேட்டால் நம்மவர் கூறும் விடைகள் பெரும்பாலும் மூன்றனுள் அடங்கும். 'எல்லோருக்கும் போதுமான உணவு உலகில் இல்லை' என்பது ஒன்று. 'உழைக்க மனமில்லாதவர் வறியவர் ஆகின்றனர்' என்பது மற்றொன்று. 'எல்லாம் அவரவர் முன்வினை' என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிள்ளையின் வாயை அடைக்க வல்லவை. அதன் அறிவைத் திறக்க வல்லவை அல்ல. ஆகவே இம்மூன்று விடைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்க்கும் வகையில் இப்பாடம் அமைக்கப்பட்டுள்ளது. 8ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயில்வோர்க்கு இஃது ஏற்றதாகும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளிலும், விடுமுறை நாட்களில் இல்லத்திலும் நடத்தலாம்.

1. சாந்திநிகேதனில் ஒரு சிறுவன்

1943ஆம் ஆண்டில் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சாந்திநிகேதனில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்துவந்த ஒரு சிறுவனுக்கு அப்போது வயது 9. எலும்பும் தோலுமாக மெலிந்த மக்கள் கிராமங்களை விட்டுக் கல்கத்தா நோக்கி அவ்வூர் வழியே சென்றுகொண்டிருந்தனர். வாயிலில் வந்து கேட்போர்க்கு அரிசி வழங்க அச்சிறுவன் விரும்பினான். பாட்டனார் ஒரு சிறிய சிகரெட் டப்பாவை அவன் கையில் கொடுத்து, குடும்பத்துக்கு ஒரு டப்பா வீதம் அளந்து கொடுக்கலாம் என்று இசைவு தந்தார். வருவோரின் தொகையோ பெரிது. வீட்டில் இருந்த அரிசியோ சிறிது. அதனாலேயே அந்த அளவு.

அச்சிறுவர்தாம் பிற்காலத்தில், 1998ஆம் ஆண்டில், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் அவர்கள். டப்பாவில் அரிசி அளந்த கைக்கு ஒரு வினா மிஞ்சியிருந்தது: 'இத்தனை பேர் ஏன் வந்தனர்?' அதற்கு விடை தேடி அவர் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் நூல் 1981இல் வெளிவந்தது.

அப்பஞ்சத்தில் மாண்டவர் 20 இலட்சம் முதல் 30 இலட்சம் வரை இருக்கலாம் எனக் கணக்கிடப்படுகிறது. ஆயினும் 1943இல் வங்காளத்தில் கிடைத்த உணவு தானியம், முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டைவிட 13 விழுக்காடு மிகுதி என்றும் சென் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் மக்கள் பட்டினியால் மாண்டது எவ்வாறு?

போர்ச்செலவால் பணப்புழக்கம் பெருகி அரிசி விலை பன்மடங்கு ஏறியது. உழவுக்கூலிகள், மீனவர், கைவினைஞர் ஆகியோரின் வருவாய் அதற்கேற்ப உயரவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பகைவர் கையில் சிக்கலாகாது என்று கடலோர மாவட்டங்களின் படகுகளை ஆட்சியாளர் கைப்பற்றினர். அவற்றை நம்பிப் பிழைத்தோர் தொழில் இழந்தனர். கல்கத்தா நகரத்தாருக்கும் போர்த்தொழில் சார்ந்தோர்க்கும் முன்னுரிமை தந்து உணவு வழங்கப்பட்டது. அரிசி கடையில் இருந்தது. அதனை வாங்கும் திறன் கிராமத்து ஏழையிடம் இல்லை. பஞ்சம் என்பது உணவின் குறைவாக மட்டும் இருப்பதில்லை. உணவைப் பெறும் உரிமையின் குறைவாகவும் இருக்கும் என்பதே சென் கண்ட முடிவு.

இவ்வரலாற்றைக் கூறி முடித்தவுடன் ஆசிரியர் மாணவரிடம் கேட்க வேண்டுவது ஒன்று: "டப்பாவில் அரிசி அளந்தது பயனுள்ள செயலா, பயனற்ற செயலா?" சிலர் பயனுள்ளது என்பர், சிலர் பயனற்றது என்பர். வாதிடட்டும். அந்த ஒரு டப்பா ஒரு குடும்பத்தின் ஒரு நாளைப் பசியைத் தணித்தது. அதன் மதிப்பு சிறிதன்று. ஆனால் அதனோடு நின்றிருந்தால் பஞ்சத்தின் காரணம் உலகுக்கு விளங்கியிராது. இரக்கமும் ஆராய்ச்சியும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பதே பிள்ளைகள் நெஞ்சில் பதிய வேண்டிய செய்தி.

2. வறுமையை அளப்பது எவ்வாறு?

அளவை அறியாத இரக்கம் விரைவில் சலிப்படையும். ஆதலால் அடுத்த பாடம் அளவு பற்றியது.

உலக வங்கி 1990ஆம் ஆண்டு அறிக்கையில், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டாலர் என்று கொடிய வறுமைக்கு ஓர் எல்லைக்கோடு வகுத்தது. விலைவாசி மாற்றத்துக்கு ஏற்ப அக்கோடு 2008இல் 1.25 டாலராகவும், 2015இல் 1.90 டாலராகவும், 2022இல் 2.15 டாலராகவும், 2025 ஜூன் மாதத்தில் 3 டாலராகவும் மாற்றி அமைக்கப்பட்டது. இந்த டாலரை வங்கியில் மாற்றும் டாலராகக் கருதலாகாது. அமெரிக்காவில் 3 டாலர் கொடுத்து வாங்கக்கூடிய பொருள்களை அந்தந்த நாட்டில் வாங்குவதற்கு எவ்வளவு தேவையோ, அதுவே கணக்கு. இதனை 'வாங்கும் திறன் சமநிலை' என்பர்.

இங்கே மாணவர் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 2.15 டாலர்க் கோட்டின்படி 2022ஆம் ஆண்டில் கொடிய வறுமையில் இருந்தோர் ஏறத்தாழ 71 கோடி. கோட்டை 3 டாலருக்கு உயர்த்திக் கணக்கிட்டபோது அதே ஆண்டுக்குரிய தொகை ஏறத்தாழ 84 கோடி ஆயிற்று. ஒருவர் வீட்டுப் பானையிலும் ஒரு பிடி அரிசி குறையவில்லை. ஆயினும் ஏழைகளின் தொகை 12 கோடிக்கும் மேல் கூடிவிட்டது! ஆகவே வறுமை பற்றிய புள்ளிவிவரம் எதைக் கேட்டாலும், 'எந்த ஆண்டு? எந்தக் கோடு?' என்னும் இரு வினாக்களைக் கேட்கப் பழக்குதல் வேண்டும். இப்பழக்கம் வந்த பிள்ளை, மேடைப் பேச்சைக் கேட்டு ஏமாறாது.

பணத்தைக் கொண்டு மட்டும் வறுமையை அளந்துவிட இயலுமா? கையில் பணம் இருந்தும் ஊரில் பள்ளி இல்லை, குடிநீர் இல்லை எனில் என் செய்வது? இக்குறையை நீக்க, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளரும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தாரும் 2010இல் 'பல்பரிமாண வறுமைக் குறியீடு' ஒன்றை வெளியிட்டனர். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்று தலைப்புகளின் கீழ்ப் பத்துக் கூறுகள் அதில் உள்ளன: ஊட்டம், குழந்தை இறப்பு, பள்ளியில் பயின்ற ஆண்டுகள், பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள். 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கணக்கில் கொள்ளப்பட்ட 112 நாடுகளின் 630 கோடி மக்களுள் 110 கோடிப் பேர் இவ்வகை வறுமையில் இருந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் 18 வயது நிரம்பாதவர்கள். அதாவது, இப்பாடத்தைப் படிக்கும் நம் பிள்ளைகளின் வயதினர்.

3. பத்து நாற்காலிகள்

வறுமை ஒன்று; ஏற்றத்தாழ்வு வேறொன்று. எல்லோரும் ஏழையாக இருக்கும் ஊரில் வறுமை உண்டு, ஏற்றத்தாழ்வு இல்லை. இவ்வேறுபாட்டைச் சொல்லால் விளக்குவதைவிடச் செயலால் விளக்குதல் எளிது. அதற்குப் பத்து நாற்காலிகளும் பத்து மாணவர்களும் போதும்.

முதலில் நாற்காலிகளை வரிசையாக இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரை அமரச் செய்க. "பத்து மாணவரும் உலகின் வளர்ந்த மக்கள் அனைவர், பத்து நாற்காலிகளும் உலகின் மொத்தச் செல்வம். இப்போது அனைவர்க்கும் சம பங்கு" என்று கூறுக.

அடுத்து, '2022 உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை' தரும் கணக்கைக் கரும்பலகையில் எழுதுக. மேல்தட்டில் உள்ள 10 விழுக்காட்டினரிடம் உலகச் செல்வத்தில் 76 விழுக்காடு உள்ளது. இடைப்பட்ட 40 விழுக்காட்டினரிடம் 22 விழுக்காடு உள்ளது. கீழ்த்தட்டில் உள்ள 50 விழுக்காட்டினரிடம், அதாவது உலக மக்களில் பாதிப்பேரிடம், 2 விழுக்காடே உள்ளது.

இனி அக்கணக்கின்படி இடம் மாற்றுக. ஒரு மாணவர் ஏழரை நாற்காலிகளுக்கு உரியவர். அவர் அவற்றில் கால்நீட்டிப் படுக்கலாம். நான்கு மாணவர்க்கு இரண்டு நாற்காலிகளும் சற்றே மிகுதியும் கிட்டும். அவர்கள் நெருக்கியடித்து அமரலாம். எஞ்சிய ஐவர்க்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரு நாற்காலியின் ஐந்தில் ஒரு பங்கு. அஃது அமர்வதற்கு ஆகாது. ஐவரும் அதன் விளிம்பை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நிற்கலாம்.

முதலில் வகுப்பறையில் சிரிப்பொலி எழும். அதனைத் தடுக்க வேண்டா. ஐந்து நிமிடங்கள் அவரவர் நிலையிலேயே இருக்கச் செய்து, பாடத்தைத் தொடர்ந்து நடத்துக. சிரிப்பு தானே அடங்கும். பின்னர் மூவகையினரிடமும் தனித்தனியே கேட்க: "உன் மனத்தில் என்ன தோன்றியது? யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?" நின்றவர்கள் பெரும்பாலும் தமக்கு அருகில் நெருக்கியிருக்கும் நால்வரையே நோக்கியிருப்பர், நால்வரோ தம் இடத்தை நிற்பவர் பறித்துவிடுவரோ என்று அஞ்சியிருப்பர். ஏழரை நாற்காலிக்காரரை நினைத்தவர் சிலரே ஆவர். இதைப் பிள்ளைகளே கண்டு சொல்லும்போது அவர்களுக்கு விளங்குவதை, ஆயிரம் சொற்களால் நாம் விளக்கிவிட முடியாது.

அதன்பின் வருமானத்துக்கு உரிய கணக்கையும் நிகழ்த்திக் காட்டலாம். அதே அறிக்கையின்படி மேல்தட்டு 10 விழுக்காட்டினர் ஈட்டுவது உலக வருமானத்தில் 52 விழுக்காடு. கீழ்த்தட்டுப் பாதியினர் ஈட்டுவது 8.5 விழுக்காடு. செல்வத்தைவிட வருமானத்தில் இடைவெளி குறைந்திருப்பது ஏன்? உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் உவமையால் விளக்கலாம். வருமானம் என்பது வாய்க்காலில் ஓடிவரும் நீர். செல்வம் என்பது ஏரியில் தேங்கிய நீர். வாய்க்காலில் வருவதெல்லாம் அன்றன்றைப் பயிருக்கே சரியாகப் போகுமாயின் ஏரி நிறைவது எப்போது? ஏரி உடையவர் ஒரு பருவம் மழை பொய்த்தாலும் தாங்குவர். வாய்க்காலை மட்டும் நம்பியவரை ஒரு நோய், ஒரு விபத்து, ஒரு மழைக்குறைவு கடனில் ஆழ்த்திவிடும்.

4. பிறப்பு என்னும் குலுக்குச் சீட்டு

'உழைக்காதவரே ஏழை' என்னும் இரண்டாம் விடையை இனி ஆராய்வோம்.

ஒரு பெட்டியில் நாடுகளின் பெயர் எழுதிய சீட்டுகளை இட்டு, ஒவ்வொரு மாணவரும் ஒன்று எடுக்கட்டும். ஜப்பான் கிடைத்தவருக்கு எதிர்பார்க்கும் ஆயுள் ஏறத்தாழ 84 ஆண்டுகள். நைஜீரியா கிடைத்தவருக்கு ஏறத்தாழ 55 ஆண்டுகள். சீட்டை எடுத்த இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். அவர்களுள் எவர் உழைப்பாளி, எவர் சோம்பேறி என்று சீட்டு கேட்கவில்லை. உலக வங்கியில் பணியாற்றிய பொருளியல் அறிஞர் பிராங்கோ மிலனோவிச் செய்த ஆய்வு இதனையே எண்களால் காட்டுகிறது. உலக மக்களின் வருமான வேறுபாட்டில் பாதிக்கு மேற்பட்ட பகுதி, ஒருவர் எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதைக் கொண்டே அமைந்துவிடுகிறது.

உழைப்பைப் பற்றி மற்றொரு செய்தி. உலகெங்கும் பெண்களும் சிறுமியரும் குடிநீர் கொண்டுவருவதற்காக நாள்தோறும் 20 கோடி மணி நேரம் செலவிடுகின்றனர் என்று 2016இல் யுனிசெப் நிறுவனம் கணக்கிட்டுக் கூறியது. தலையில் குடத்தோடு நடக்கும் அச்சிறுமியைச் சோம்பேறி என எவர் கூற இயலும்? அவள் நடக்கும் நேரத்தில் அவள் வயதுப் பிள்ளை வேறொரு நாட்டில் கணக்குப் பாடம் படிக்கிறது. ஓராண்டில் எத்தனை மணி நேரம் அவளிடமிருந்து போயிற்று என்று மாணவரையே பெருக்கிப் பார்க்கச் சொல்லலாம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 730 மணி நேரம் ஆகும்.

5. நான் செய்த பிழை

இவ்விடத்தில் ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். என் அனுபவத்தில் பெற்ற பாடமாதலின் மறைக்காது எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் 8ஆம் வகுப்புக்கு வறுமை பற்றிப் பாடம் எடுத்தேன். பாடத்தைச் சுவையாக்கும் எண்ணத்தில், "நேற்று உங்கள் வீட்டில் என்ன உண்டீர்கள் என்று எழுதி, ஒவ்வொருவராக எழுந்து படியுங்கள்" என்றேன். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, சோறு, சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம், வடை, பாயசம் என்று படித்தாள். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை அது. வகுப்பு சிரித்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன் எழுந்து, "நேற்று அவங்க வீட்டில் அடுப்பே எரியவில்லை, சார்" என்றான்.

அவள் ஒன்றும் பேசாமல் அமர்ந்தாள். அன்றும் மறுநாளும் அவள் சத்துணவு வரிசைக்கு வரவில்லை என்பதைப் பொறுப்பாளர் அம்மையார் சொல்லியே அறிந்தேன். வறுமையைப் பற்றிக் கற்பிக்கப் புகுந்த நான், வறிய குழந்தை ஒன்றின் இரண்டு நாள் உணவைப் பறித்துவிட்டேன். மூன்றாம் நாள் நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவ்வரிசையில் நின்றேன். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, வரிசையின் கடைசியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு அன்று வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

அன்று முதல் நான் கைக்கொண்ட விதிகள் இவை:

முதலாவது, எந்த மாணவரிடமும் அவர் வீட்டு வருமானம், உணவு, உடைமை ஆகியவற்றை வகுப்பில் கேட்கலாகாது. நாற்காலியும் சீட்டும் அதற்காகவே பயன்படுகின்றன. அவற்றில் கிடைக்கும் ஏழ்மை எவருக்கும் சொந்தம் அன்று.

இரண்டாவது, 'ஏழைகள்' என்று வேறோர் இனத்தாரைச் சுட்டுவதுபோல் பேசலாகாது. நம்முன் அமர்ந்திருப்போரில் அவர்களும் இருப்பர். நம் சமுதாயத்திலும் சிறுநிலம் வைத்து உழுது பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டன்றோ?

மூன்றாவது, விலா எலும்பு தெரியும் குழந்தையின் படத்தைக் காட்டிக் கண்ணீர் வரவழைத்தல் வேண்டா. அந்தக் குழந்தையின் தாய் வயலில் களையெடுப்பதையும், தந்தை செங்கல் சுமப்பதையும், அக்காள் விளக்கொளியில் படிப்பதையும் காட்டுக. இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். மதிப்பு நேராகப் பார்க்கும்.

நான்காவது, 'இது மாறவே மாறாது' என்ற எண்ணத்தோடு பாடத்தை முடிக்கலாகாது. ஏனெனில் அது உண்மையும் அன்று.

6. மாறியது எவ்வாறு?

இப்போதைய 3 டாலர்க் கோட்டைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், 1990இல் கொடிய வறுமையில் இருந்தோர் ஏறத்தாழ 230 கோடி. 2022இல் ஏறத்தாழ 84 கோடி. இடையில் உலக மக்கள்தொகை பெருகியும் இத்தொகை குறைந்துள்ளது. இதனை அறிந்தோர் மிகச் சிலரே. சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் பல நாட்டாரிடம், 'கடந்த 20 ஆண்டுகளில் உலகில் கொடிய வறுமை கூடியதா, அப்படியே இருக்கிறதா, பாதியாகக் குறைந்ததா?' என்று கேட்டபோது, சரியான விடை கூறியவர் நூற்றுக்கு 7 பேரே என்று 2018இல் வெளிவந்த தம் நூலில் பதிந்துள்ளார்.

இம்மாற்றம் தானே நிகழ்ந்ததன்று. சீனாவில் 1970களின் இறுதியில் உழவருக்கு நிலத்தில் பயிரிடும் பொறுப்பும் விளைச்சலில் உரிமையும் அளிக்கப்பட்டன. பின்னர்த் தொழிற்சாலைகள் பெருகின. நாளொன்றுக்கு 1.90 டாலர் என்னும் கோட்டின்படி, 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிச் சீன மக்கள் கொடிய வறுமையிலிருந்து மீண்டனர். மெக்சிகோவில் 1997 முதலும் பிரேசிலில் 2003 முதலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் தாய்மார் கையில், அரசு நேரடியாகப் பணம் வழங்கியது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. காமராசர் ஆட்சியில் 1956இல் மாநில அளவில் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2001 நவம்பர் 28இல் உச்சநீதிமன்றம் அளித்த ஆணையால், சமைத்த மதிய உணவு எல்லா மாநிலங்களின் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் உரியதாயிற்று. 2022 செப்டம்பரில் தமிழகத்தில் காலை உணவும் சேர்க்கப்பட்டது. என் வகுப்பில் இருந்த சிறுமி நின்ற வரிசை அதுதான். அவ்வரிசையில் நிற்பது பிச்சை அன்று. குடிமக்கள் வரியால் நடக்கும் உரிமை என்று அன்றே நான் வகுப்புக்குச் சொல்லியிருந்தால், அவள் அந்தப் பாயசத்தைக் கற்பனை செய்ய நேர்ந்திராது.

எல்லாம் நன்றாகிவிட்டது என்றும் கூறுவதற்கில்லை. இன்று கொடிய வறுமையில் உழல்வோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்கின்றனர். உள்நாட்டுப் போர், கடன்சுமை, வறட்சி, ஓரிரு விளைபொருளையோ கனிமத்தையோ மட்டும் நம்பிய ஏற்றுமதி ஆகியவை அங்கே பல நாடுகளை அழுத்துகின்றன. சீனாவிலும் இந்தியாவிலும் வறுமை குறைந்த அதே காலத்தில் நாட்டுக்குள்ளே செல்வருக்கும் வறியோர்க்கும் உள்ள இடைவெளி அகன்றுள்ளது. வறுமை குறைவதும் ஏற்றத்தாழ்வு வளர்வதும் ஒருங்கே நிகழக்கூடும். மூன்றாம் பகுதியில் இரண்டையும் வேறுபடுத்திக் கற்றது இதனை உணர்வதற்கே.

7. முன்வினை என்னும் விடை

எஞ்சியிருப்பது மூன்றாம் விடை. இது நம் இல்லங்களில் எளிதாக எழுவதாகலின் தவிர்க்க இயலாது.

வினைக்கொள்கை நமக்கு அளிக்கப்பட்டது நம்மை நாமே ஆராய்வதற்காக. பிறர் துன்பத்தைக் கண்டு தீர்ப்புக் கூறுவதற்காக அன்று. பிறர் பெறுவதற்கு இடையூறு செய்தல் அந்தராய வினை வந்து சேர்வதற்குக் காரணம் என்பதை நாம் கற்றிருக்கிறோம். பசித்தவனை நோக்கி 'அது அவன் வினை' என்று கூறி நகர்ந்து செல்பவன், அவன் வினையை அறிந்தவனல்லன்; தன் வினையைப் பெருக்கிக்கொள்பவன். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நான்கு தானங்களை இல்லறத்தார்க்கு வகுத்த நெறி, பிறர் துன்பம் மாற்றத்தக்கது என்று நம்பியதனால்தானே அவற்றை வகுத்தது?

பொருளுக்கு அளவு வரைதலும் இல்லறத்தார் நோன்புகளுள் ஒன்று. அதனை இல்லத்தில் ஒரு பயிற்சியாக்கலாம். 1994இல் பீட்டர் மென்செல் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர், 30 நாடுகளில் நடுத்தரமான ஒவ்வொரு குடும்பத்தைத் தேர்ந்து, அவர்தம் உடைமைகள் அனைத்தையும் வீட்டுக்கு வெளியே பரப்பிவைக்கச் செய்து படம் எடுத்து நூலாக்கினார். மாலி நாட்டுக் குடும்பம் மண்வீட்டின் கூரைமீது தன் பானைகளோடும் பாத்திரங்களோடும் அமர்ந்திருக்கிறது. குவைத் நாட்டுக் குடும்பத்தின் முன்னே கார்களும் நீண்ட சோபாக்களும் நிற்கின்றன.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு அமர்ந்து, நம் வீட்டுப் பொருள்களையும் அவ்வாறு வெளியே பரப்பியதாகக் கருதிப் பட்டியல் எழுதுவோம். இப்பட்டியல் வீட்டோடு இருக்கட்டும். வகுப்புக்குச் செல்ல வேண்டா. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இன்றியமையாதது', 'பயனுள்ளது', 'ஓராண்டாகத் தொடாதது' என மூன்றில் ஒன்றைப் பிள்ளைகளே குறிக்கட்டும். மூன்றாம் வகையின் நீளத்தைக் கண்டு பெரியவர்களாகிய நாமே நாணுவோம். ஒரு சொல்லும் அறிவுரை கூறாமல் பாடம் நிறைவுறும்.

இனியொரு நாள் பேருந்து நிலையத்தில் பிள்ளை "இவர் ஏன் ஏழை?" என்று கேட்குமாயின், நாணயத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். அது திரும்பி வந்தபின், "வா, இருவரும் சேர்ந்து விடை தேடுவோம்" என்று சொல்லுங்கள். டப்பாவில் அரிசி அளந்த சிறுவன் தேடத் தொடங்கியதும் அவ்வாறேயாம்.

பயிற்சி வினாக்கள்

1. வறுமைக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை உன் சொந்த எடுத்துக்காட்டால் விளக்குக.

2. 1943இல் வங்காளத்தில் அரிசி இருந்தும் மக்கள் மாண்டதற்குரிய காரணங்களுள் மூன்றனை எழுதுக.

3. உலக வங்கியின் வறுமைக்கோடு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்ந்தபோது ஏழைகளின் தொகை ஏன் கூடியது? உண்மையில் எவருடைய வாழ்வேனும் மாறியதா?

4. பத்து நாற்காலிப் பயிற்சியில் நீ எந்த இடத்தில் இருந்தாய்? அப்போது யாரை நோக்கினாய்? ஏன்?

5. உன் ஊரில், ஏழைக் குடும்பம் ஒன்று கடனில் விழாமல் காக்கும் ஏற்பாடுகள் எவை? இல்லாதவை எவை? பெரியோரைக் கேட்டு எழுதுக.